விரலைப் பார்த்து எழுதணும்

இன்னும் வரலை. மணி பத்தே கால். பன்னிரண்டுக்குக் கோட்டையில மணி காட்டறதுக்குக் குண்டு போடுவான், அதுவரைக்கும் சாயக்கார சந்துலருந்து ஒரு வாந்திபேதிப் பொணம் வரக்கூடாது. வேற எந்தத் தெருவுலருந்து வேணும்னாலும் வரட்டும், எத்தனை வேணும்னாலும் வரட்டும், எழுதிக்கறேன். சே, என்ன மனுஷன்டா நீ வேதாசலம்! சுடுகாட்டு வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, எந்தத் தெருவுல சாவு விழலாம் எந்தத் தெருவுல விழக்கூடாதுன்னு எமனுக்கே உத்தரவு போடறே. பதினோரு வருஷமா இதே நாற்காலி, இதே வேப்பமரம், இதே மைக்கூடு. முனிசிபாலிட்டி சாவு ரைட்டர். பொணம் வந்தா நாலு கேள்வி. பேரு என்ன, வயசு என்ன, எந்தத் தெரு, என்ன வியாதி. நாலாவது கேள்விக்குத்தான் பட்டணத்துல எவனும் நிஜம் சொல்ல மாட்டான். ரிஜிஸ்தரைப் புரட்டிப் பாரு. காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல், நடுவுல ஒரு வைசூரி, அப்புறம் காய்ச்சல், காய்ச்சல், தென்னை மரத்துலருந்து விழுந்தவன் ஒருத்தன், மறுபடி காய்ச்சல். அவனுக்கும் காய்ச்சல்னுதான் சொன்னாங்க, இடுப்பு ரெண்டா இருந்ததைப் பாத்துட்டு நான்தான் மரம்னு போட்டேன். கை வியர்க்குது. வியர்த்தா மை ஊறும். துண்டால துடைச்சுக்கறேன், மறுபடி வியர்க்குது.

எட்டு வாரம்னாரு ஹெல்த்து துரை. சந்து ஜனம் முன்னூறு கைநாட்டு வச்ச மனுவைத் தூக்கிக்கிட்டுப் போய், எங்க கிணத்தைப் பலகை போட்டு மூடிட்டான் இந்த ரைட்டர்னு அழுதப்ப, அந்தாளு கோபப்படலை, சிரிக்கவும் இல்லை. எட்டு சனிக்கிழமை பாப்போம், மழைக்கு முந்தி எட்டு வாரம். ஒரு வாந்திபேதிச் சாவு உங்க சந்துலருந்து வந்தாலும் கிணத்து மேல தப்பில்லைன்னு ஒத்துக்கறேன், பலகையை எடுத்துடறேன். ஒண்ணும் வரலைன்னா மண்ணைக் கொட்டித் தூர்த்துட்டுச் சந்து முனையில குழாய் போடுவேன். துபாஷி இதைத் தமிழ்ல சொன்னதும் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. நான் கதவு மூலையில ரிஜிஸ்தரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். இன்னிக்கு எட்டாவது சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக் குண்டு போட்டதும் வாரம் முடியும், பியூன் வந்து வார ரிப்போர்ட்டை வாங்கிக்கிட்டுப் போவான். அதுல அந்தச் சந்து பேருக்கு நேரா வாந்திபேதிக் கட்டத்துல சுழி இருக்கணும். இருந்தா குழாய். இல்லைன்னா கிணறு தொறக்கும், அடுத்த ஆனி ஆடியில பிள்ளைங்க பொணம் சின்னச் சின்னப் பாயா மறுபடி வரும், நான் இங்கேயே உக்காந்து எழுதணும். மாட்டேன். அதுக்கு என்னாலாகாது. வேலையை விட்டுட்டு எங்கயாவது போய்த் தயிர் வித்துப் பொழைச்சுக்குவேன்.

நானும் அதே சந்துதான். அது ஒண்ணுதான் பெரிய கூத்து. காலையில வீட்டை விட்டுக் கிளம்பினா ரெண்டு பக்கமும் கதவு படார் படார்னு சாத்தும். அபரஞ்சி, எம் பொஞ்சாதி, கால் மைல் நடந்து மார்க்கெட்டுக் குழாயில தண்ணி புடிச்சுக்கிட்டு வருவா. வழியில ஒருத்தி, இதோ வரா பாரு பொணத்தைப் பாத்துப் பொழைக்கிறவன் பொண்டாட்டின்னு சொல்ல, இவ குடத்தை இறக்காமலே, ஆமாண்டி, உன் வீட்டுப் பொணத்தைப் பாக்க வேணாம்னுதான் அவரு இந்தப் பாடு படறாருன்னு பதில் குடுத்துட்டு வந்தாளாம். வந்து சொல்லிட்டுச் சிரிச்சா, அப்புறம் அடுப்படியில போய் அழுதா. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. வாந்திபேதின்னு ரிஜிஸ்தர்ல ஏறிட்டா ஆபீஸ் ஆளுங்க வருவாங்க, பாயைக் கொளுத்துவாங்க, புடவையைக் கொளுத்துவாங்க, வீடு பூரா வெள்ளைத் தூளை வீசுவாங்க, ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டுல எவனும் பொண்ணு எடுக்க மாட்டான். அதனால பொணத்தோட வரவன் என் காலைப் புடிப்பான். காய்ச்சல்னு போட்டுடுங்க ரைட்டரய்யா. சரிப்பா, அழாதே, போட்டாச்சு. சாவு வீட்டுக்காரன் கேட்டா இல்லைன்னு சொல்லலாமா? செத்தவன் எதுல செத்தா என்ன, எழுத்தை மாத்தினா எழுந்தா வரப்போறான்? இந்த வருஷ ஆனி வரைக்கும் பத்து வருஷத்துக்கு மேல இப்படி தர்மம் பண்ணியிருக்கேன். ஊர்ல என்னை நல்லவன்னாங்க. வெத்திலை பாக்கு வச்சுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாங்க. துரையோட மேஜை மேல விரிச்சிருக்கற, வாந்திபேதிச் சாவுக்குப் புள்ளி வைக்கற பட்டணத்துப் படத்துல எங்க சந்து மட்டும் பளிச்சுன்னு சுத்தமா இருந்தது, அத்தனையும் நான் குடுத்த சுத்தம்.

கோமளத்துக்கும் அப்படித்தான் எழுதினேன். நினைக்க வேணாம், இப்ப நினைக்க வேணாம். நினைச்சாச்சு. மூணு வருஷம் முந்தி, ஆடி, செவ்வாய்க்கிழமை. காலையில பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டுப் பலகை அழிச்சுக்கிட்டிருந்தது, ஒன்பது வயசு, அப்பா தண்ணின்னுச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன், அந்தக் கிணத்துத் தண்ணியை, இந்தக் கையால, ஒரு செம்பு. கேட்டுக் கேட்டுக் குடிச்சுது, குடுத்துக்கிட்டே இருந்தேன். விளக்கு வைக்கறப்ப முடிஞ்சு போச்சு. மறுநாள் நானே தூக்கிக்கிட்டு வந்தேன், நானே இந்த நாற்காலியில உக்காந்தேன். ஆவணி பொறந்ததும் கொழுந்தியா கல்யாணம். மாமனார் அங்க நின்னு என் முகத்தையே பாத்தாரு. கோமளம், பெண், ஒன்பது, சாயக்கார சந்து, காய்ச்சல். கை நடுங்காம எழுதினேன், அதுதான் இன்னிக்கு வரைக்கும் தாங்கலை. கல்யாணம் நடந்தது. பாயசம் சாப்பிட்டேன். அதுக்கு முன்னாலேயே, அந்த ஆடி முடியறதுக்குள்ள சந்துலருந்து இன்னும் பதினோரு பிள்ளைங்க. பதினோரு காய்ச்சல். என் பொண்ணுக்கு நேரா நிஜத்தை எழுதியிருந்தா, யாராவது வந்து அந்தக் கிணத்தை எட்டிப் பாத்திருப்பான். அவ சாவை வச்சுப் பதினோரு உசுரைக் காப்பாத்தியிருக்கலாம், நான் பாயசம் சாப்பிட்டேன்.

பதினொண்ணேகால். தட்டான்குளத்துலருந்து ஒரு கிழவி வந்து போயாச்சு, சீதபேதி. உப்பு மண்டிக்காரன் ஒருத்தன், ஜன்னி. வெட்டியான் சடையன் மண்வெட்டியைச் சாத்திட்டு வந்து, என்னாய்யா முகம் வெளிறிக் கெடக்கு, ஒரு வாய் கஞ்சி குடிங்கன்னான். வேணாம் சடையா, பன்னிரண்டு ஆவட்டும். அவனுக்கும் தெரியும். எனக்கு முந்தியே அவனுக்குத் தெரியும். இந்த வருஷம் ஆனிக் கடைசியில சாயம் தோய்க்கிற குள்ளப்பன் நாலு நாள்ல ரெண்டாவது பிள்ளையைக் கொண்டாந்தான். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, காய்ச்சல்னு எழுதிடுங்கன்னான். அவன் கை நீலம், சாயம் போகாத கை, அந்தக் கையால பிள்ளையைப் பாயோட மடியில வச்சிருக்கான். சடையன் பின்னாலருந்து மெதுவா, அய்யா, விரலைப் பாருங்கய்யான்னான். பாத்தேன். நாள் பூரா துணி துவைச்ச கை மாதிரி நுனியெல்லாம் சுருங்கிக் கெடக்கு, நகம் கறுத்துப் போயிருக்கு. கோமளத்தோட விரல் அப்படியே. உடம்புத் தண்ணியெல்லாம் வெளியே போனா விரல் அப்படித்தான் ஆகும், அதுக்கு வாய் இருக்கறவன் சொல்ற பொய்யைச் சொல்லத் தெரியாது. வாந்திபேதின்னு எழுதினேன். குள்ளப்பன் என் கழுத்தைப் புடிச்சான். புடிக்கட்டும்னு விட்டேன். அந்த வாரம் அஞ்சு, அஞ்சும் எங்க சந்து, அஞ்சையும் எழுதினேன். துரை படத்துல அஞ்சு புள்ளி வச்சாரு, நடுவுல கிணறு.

கிணறுன்னா சும்மாக் கிணறு இல்லை, எல்லப்ப நாயக்கரோட பாட்டன் தோண்டினது. சுண்ணாம்புச் சூளை எல்லப்பர். வயசு தொண்ணூறோ தொண்ணூத்தி ரெண்டோ, அவருக்கே தெரியாது. பலகை அடிக்க ஆள் வந்த அன்னிக்கு நடுத்தெருவுல நின்னு அவரு என்னைப் பேசின பேச்சு, அம்மாடி, அந்தக் கிழட்டு நெஞ்சுக்குள்ள அவ்வளவு காத்தா! டேய், என் பாட்டன் தோண்டின தண்ணியில வெஷமா? தொண்ணூறு வருஷமா குடிக்கறேன்டா, நான் செத்தா போயிட்டேன்? நான் சாவறப்பவும் வாந்திபேதின்னு எழுதுவியாடா நீ? எழுதுடா பாக்கலாம்! அதுக்கப்புறம் தினம் காலையில வந்து அந்தப் பலகை மேலேயே உக்காந்துக்குவாரு. நான் போறப்பல்லாம் காறித் துப்புவாரு, குறி தப்பாது, சரியா என் செருப்புக்கு ரெண்டு அங்குலம் தள்ளி. புதன்கிழமை அபரஞ்சி வந்து காதுல சொன்னா, ஒரு பலகை நகர்ந்திருக்குன்னு. வீம்புக்கு எவனாவது மொண்டு குடிச்சிருந்தா? ரெண்டு நாள், மூணு நாள், அவ்வளவுதான் வேணும் அந்த வியாதிக்கு. புதன், வியாழன், வெள்ளி, சனி. விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருக்கேன், நாலு நாளா சோறு இறங்கலை. நேத்து சாயங்காலம் நான் போறப்ப பலகை மேல கிழவரைக் காணலை. சனியன் துப்பலையேன்னு நிம்மதியா வீட்டுக்குப் போனேன். எதுக்கு வரலைன்னு அப்ப கேக்கத் தோணலையே!

பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம். என்ன சத்தம் அது? பறை. தூரத்துல. எங்க வேணும்னாலும் இருக்கும், பட்டணத்துல சாவுக்கா பஞ்சம். கிட்ட வருது. மேற்கே இருந்து வருது. மேற்கேன்னா தட்டான்குளமா இருக்கலாம், உப்பு மண்டியா இருக்கலாம். சடையன் சுவர் மேல ஏறிட்டான். அய்யா! சாயக்கார சந்து ஜனம்யா! அத்தனை பேரும் வராங்க! போச்சு. எல்லாம் போச்சு. இருபது நிமிஷம், பாவி, இருபது நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா! ஆனா இரு. பறை அடிக்குது. வாந்திபேதிப் பொணத்துக்கு எவன்டா பறை அடிச்சான்? அது பாயில சுருட்டிக்கிட்டு வரும், நாலு பேரு ஓடி வருவான், வாயைத் தொறக்க மாட்டான், பின்னால ஒரு நாய்கூட வராது. இது என்னடான்னா அதிருது, கொம்பு ஊதறான், எவனோ விசில் அடிக்கறான், பொரி எறியறான். சடையா, யாருடா? பூப்பல்லக்குய்யா, கல்யாணச் சாவு! எல்லப்பர் போயிட்டாருய்யா!

கல்யாணச் சாவு. பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாம் பாத்துட்டுப் போறவங்களுக்கு மட்டும் அடிக்கிற அடி அது. பதினோரு வருஷத்துல எங்க சந்துக்கு நான் அதைக் கேட்டதில்லை. சந்தோஷப்படலாம்னு நெஞ்சு கிளம்புது, உடனே பலகை ஞாபகம் வருது. கிழவர் வீம்பு புடிச்சவரு. புதன்கிழமை பலகை நகர்ந்தது. வெள்ளிக்கிழமை அவரைக் காணலை. சனிக்கிழமை பொணம். ஐயோ. குடிச்சிருப்பாரு, மொண்டு குடிச்சிட்டு மீசையைத் துடைச்சிருப்பாரு, வீட்டு ஜனம் மறைக்கறதுக்குப் பறை கட்டிக் கொண்டாந்திருக்கும். இல்லை, வயசாச்சு, தொண்ணூறு வயசுல மனுஷன் சாகாம என்ன பண்ணுவான்? மூப்புன்னு எழுதிடு வேதாசலம். எவன் கேக்கப் போறான்? அவங்களுக்கும் அதான் வேணும், உனக்கும் அதான் வேணும், துரை படத்துக்கும் அதான் வேணும். குழாய் வரும், பிள்ளைங்க பொழைக்கும், ஒரு பொய்தானே, நல்ல பொய். இப்படித்தானே அன்னிக்கும் சொல்லிக்கிட்டே! நல்ல பொய், நல்ல பொய்னு பாயசம் சாப்பிட்டியே! மாட்டேன். விரலைப் பாக்கணும். ஆனா கல்யாணச் சாவுல, முன்னூறு பேரு குதிச்சு ஆடிக்கிட்டு வரப்ப, பூவை விலக்கு, கையைக் காட்டுன்னு எப்படிக் கேப்பேன்? கேட்டா என்னையும் அதே பல்லக்குல ஏத்திடுவான். ஏத்தட்டும். பாக்காம எழுத மாட்டேன்.

பல்லக்கை என் மேஜைக்கு முன்னாலேயே இறக்கிட்டாங்க. பறை நின்னுது. கிழவர் உக்காந்த மேனிக்கு, நெத்தி நிறைய நாமம், கழுத்து வரைக்கும் சாமந்தி, இப்பக்கூட என்னைத் துப்பறதுக்குக் குறி பாக்கற மாதிரி ஒரு பக்கமா வாய். மூத்த மகன் ரங்கப்பன், அவருக்கே அறுபத்தஞ்சு இருக்கும், வேர்த்துக் கொட்ட முன்னால வந்து நின்னாரு. கேக்கணும். பேரு எல்லப்ப நாயக்கர், தெரியும். வயசு தொண்ணூறுன்னு போடறேன். தெரு சாயக்கார சந்து. வியாதி... வியாதின்னதும் கூட்டத்துல ஒரு மூச்சு. குள்ளப்பன் முன் வரிசையில நிக்கறான், நீலக் கையோட. நான், ரங்கப்பரே, கோச்சுக்கக் கூடாது, நான் வந்து, ஒரு தடவை அவரு கையைன்னு இழுக்கறேன். ரங்கப்பன் கையைத் தூக்கி என்னை நிறுத்திட்டாரு. இரு ரைட்டரே, நீ கேக்காத. எங்க நைனா சொல்லிட்டுத்தான் பூட்டாரு, காத்தால நீ இங்க கெளம்பினப்புறம். நேத்து கண்ணு செருகறப்ப என்னக் கூப்ட்டு, டேய், பொணம் ஆனா கட்டை விரலைக் கட்டிப்புடுவீங்க, எனக்குக் கட்டாதீங்க, அந்த ரைட்டரு பாக்கணும், பாத்துட்டுத்தான் எழுதணும், பாக்காத எழுதினான்னா பேயா வந்து அவன் நாற்காலியில குந்துவேன்னாரு. இந்தா பாரு, கட்டல.

சாமந்தியை விலக்கி அவரே ரெண்டு கையையும் எடுத்து வெளியே வச்சாரு. நான் கிட்டப் போனேன். கண்ணுல தண்ணி முட்டுது, ஒண்ணும் தெரியலை, துண்டால துடைச்சுட்டு மறுபடி குனிஞ்சேன். சூளையில வெந்த கை, தோலு மரப்பட்டை, ஆனா விரல் நுனி பத்தும் கொழுக்கட்டை மாதிரி நிறைஞ்சு இருக்கு. நகம் வெளுப்பு. கறுப்பு இல்லை, சுருக்கம் இல்லை. கண்ணு குழி விழலை. உதட்டோரத்துல நேத்துப் போட்ட வெத்திலைச் சிவப்பு அப்படியே. நான் ரங்கப்பனைப் பாத்தேன், பலகைன்னேன், அவ்வளவுதான் வாயில வந்தது. அதுவா, அதுவும் நைனாதான். புதங்கெழம ஒரு பலகைய நகத்திட்டு, கர்ப்பூரம் கொளுத்தி, ஒரு முழம் பூவ உள்ள போட்டு, போய் வா தாயே, இத்தினி நாளு எங்களத் தாங்கின, வயசாயிடுச்சு ஒனக்கும்னாரு. திருப்பிப் பலகைய இழுத்து மூட அவருக்குத் தெம்பு இல்ல. குடிக்கலியான்னு கேட்டேன். ரங்கப்பன் சிரிச்சுட்டாரு. குடிக்கறதா? பலகை அடிச்ச அன்னிலருந்தே மார்க்கெட்டுக் குழாத் தண்ணிதான். வருசா வருசம் ஆடியில எங்க வூட்ல ஒண்ணு பூடும் ரைட்டரே. இந்த ஆடி முடிஞ்ச அன்னிக்கு, கொள்ளுப் பசங்களை வரிசையா குந்த வச்சு எண்ணிப் பாத்தாரு. எண்ணிட்டு, அந்தத் துப்புக்கெட்ட ரைட்டன் ஜெயிச்சுட்டான்டான்னாரு. அத்தோட சரி, உன் மேல துப்பறத மட்டும் நிறுத்தல.

உக்காந்தேன். பேனாவைத் தொட்டேன். காய்ச்சல், வாந்திபேதி, வைசூரி, சீதபேதின்னு அச்சடிச்ச கட்டங்க, எல்லாத்தையும் தாண்டிக் கடைசியில ஓரமா மத்ததுன்னு ஒரு கட்டம். எங்க சந்துக்காரன் ஒருத்தனும் நடந்து நடந்து அது வரைக்கும் வந்து சேரலை. மூப்பு. எழுதிட்டேன். பெரிய எழுத்தா, கோட்டைத் தாண்டி. மை காயறதுக்கு முன்னால கோட்டையில குண்டு, டமால்! காக்காயெல்லாம் எழும்பிச்சு. சுழி! சாயக்கார சந்துக்கு நேரா சுழி, எட்டு வாரமும் சுழி! பியூன் வந்தான், கையை நீட்டினான். இருடா அப்பா, ஒரு நிமிஷம் இரு. மேஜைக்கு அடியில பெட்டி இருக்கு, அதுல மூணு வருஷம் முந்தின ரிஜிஸ்தர். பக்கம் தேட வேண்டியதில்லை. கோமளம், பெண், ஒன்பது. காய்ச்சல்ங்கறதைக் குறுக்கே அடிச்சேன். வாந்திபேதின்னு எழுதினேன். திருத்தினா பக்கத்துல கையெழுத்துப் போடணும், அது சட்டம். போட்டேன். மேல என்ன விசாரணை வந்தாலும் வரட்டும், வந்து கேட்டா சொல்றேன், எம் பொண்ணுக்கு எழுதத் தெரியாம எழுதிட்டேன், இன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன்னு. ரிப்போர்ட்டைப் பியூன் கையில குடுத்தேன்.

மறுபடி பறை எடுத்துட்டாங்க. கிழவரைத் தூக்கறாங்க, சாமந்தி ஆடுது, ரங்கப்பன் அவரு கட்டை விரலைச் சேர்த்து இப்பத்தான் கட்டறாரு. ஆடுங்கடான்னு யாரோ கத்தறான். என் காலு எழுந்திருச்சிருச்சு. நான் எழுந்திரிக்கலை, காலு எழுந்திருச்சிருச்சு. நாற்பத்தெட்டு வயசு, கோட்டு போட்ட சர்க்கார் ரைட்டர், பதினோரு வருஷம் அசையாத நாற்காலி பின்னால சாயுது, துண்டு ஒரு கையில, பேனா ஒரு கையில. நான் பறைக்கு முன்னால நிக்கறேன், தோளு போகுது, இடுப்பு போகுது. குள்ளப்பன் அந்த நீலக் கையால என் கையைப் புடிச்சு இழுக்கறான், அன்னிக்குக் கழுத்தைப் புடிச்ச அதே கை. அடிடா, இன்னும் அடி! எல்லப்பரே, துப்பும், எவ்வளவு வேணும்னாலும் துப்பும், செருப்பு மேலேயே துப்பும்! சடையன் சுவர் மேல நின்னு வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கறான். பாருடா சடையா, நல்லாப் பாரு. எனக்கு ஆட வரும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது.